ஏஞ்சலாவின் நெப்போலியன்

கணவர் சூசைதாசனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நாடக மன்றத் தலைவர் மாக்கஸ் பேசியதை ஏஞ்சலா ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"இந்த நாடக மன்றத்தை நான் கட்டியெழுப்பேக்க சூசைதாசன் அண்ணையும் எனக்குத் துணையா நிண்டவர். அதை நான் மறக்கமாட்டன்."

இறுதிச்சடங்கு நடந்த மலர்ச்சாலை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் அதை மறுக்கவில்லை. ஏஞ்சலாவின் அழுகை நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக நெஞ்சுக்குள் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

நடந்தது நேர்மாறு. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், தீவுப்பகுதியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த சில குடும்பங்களைச் சேர்த்து மன்றத்தைத் தொடங்கியவர் சூசைதாசன். பகலில் தொழிற்சாலை வேலை, வார இறுதியில் ஒத்திகை. நாடகங்களை எழுதியவர் ஏஞ்சலா. மாக்கஸ் கனடாவுக்கு வந்திறங்கியபோது விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்ததும், மல்வேர்னில் இருந்த தங்கள் வீட்டு பேஸ்மென்றில் தங்க வைத்ததும், காவலாளி வேசத்தில் கையில் ஈட்டியைக் கொடுத்து முதன்முதல் மேடையில் ஏற்றியதும் அந்த மனிதர்தான்.

மாக்கஸுக்கு நல்ல குரல். அதைவிட நல்ல கணக்கு. யாரைப் புகழவேண்டும், யாரை யாரோடு கொளுவிவிட்டுச் சண்டை மூட்டவேண்டும் என்று தெரியும். செயலாளரானார். சூசைதாசனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது, "அண்ணை ஓய்வெடுக்கட்டும்" என்று கூட்டத்தில் கனிவாகச் சொல்லித் தலைவரானார். அதன்பிறகு மன்றத்தின் ஆண்டுவிழாவில், சக்கர நாற்காலியில் வந்த சூசைதாசனைக் சமையல் நடந்த குசினிக் கதவுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். மேடைக்கு அழைக்கவில்லை. அவர் பேச முயன்று முடியாமல், நல்ல கையால் ஏஞ்சலாவின் சேலையைப் பிடித்து இழுத்தார். "வீட்டை போவம்" என்பதுதான் அதன் அர்த்தம். அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார்.

முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் ஏஞ்சலாவுக்கு வேலை. பஸ்ஸில் போய்வரும்போது வாசிப்பது வழக்கம். அந்த வருடம் நூலகத்தில் எடுத்த புத்தகமொன்று நெப்போலியனைப் பற்றியது.

ஒரு தீவிலிருந்து வந்த பையன். அவன் பேசும் பிரெஞ்சைக் கேட்டுச் சக மாணவர்கள் சிரித்தார்கள். பீரங்கிப் படையில் சேர்ந்து, துறைமுகமொன்றை மீட்டு, இளவயதிலேயே தளபதியானான். அரசனின் தலையை வெட்டிவிட்டு யார் பின்னால் போவதென்று தெரியாமல் நாடு தவித்தபோது, புரட்சியைக் காக்க வந்தவன் நானே என்று ஆட்சியைப் பிடித்தான். சில வருடங்களில் அதே ஆள் பேரரசன். முடிசூட்ட வந்த பாப்பரசர் பார்த்துக்கொண்டிருக்க, கிரீடத்தைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். ஐரோப்பாவை அடித்து விழுத்தினான், சகோதரர்களை அரசர்களாக்கினான், ருஷ்யப் பனிக்குள் லட்சக்கணக்கான பிள்ளைகளைச் சாகவிட்டுத் தான் முன்கூட்டியே ஊர் திரும்பினான்.

வாசிக்க வாசிக்க அந்த முகம் மாக்கஸின் முகமாக மாறியது. பாதியில் புத்தகத்தை மூடி, "உவன்தான் எனக்குத் தேவை" என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

வசந்தத்துக்குள் நெப்போலியன் நாடகம் தயாராகிவிட்டது. ஏஞ்சலாவே அதை மாக்கஸின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"பேரரசன் வேசம் உமக்குத்தான் பொருந்தும்" என்றார். "வேற ஆருக்கும் அந்த எடுப்பு இல்லை."

மாக்கஸ் முடிசூட்டுக் காட்சியை நின்றநிலையிலேயே வாசித்தார். "அக்கா, இதை நீங்கள் எனக்கெண்டே எழுதின மாதிரிக் கிடக்கு."

"ஓம்" என்றார் ஏஞ்சலா.

பேரரசன் வீழ்வதை ஊர் முன்னால் மாக்கஸ் நடித்துக் காட்டவேண்டும், அந்தச் சிறுமையைச் சபை பார்த்துச் சிரிக்கவேண்டும். ஏஞ்சலாவின் திட்டம் அவ்வளவுதான். எதிரிகள் பாரிசுக்குள் வந்துவிட்ட பிறகும் பேரரசன் போருக்குப் புறப்படச் சொல்கிறான், தளபதிகள் மறுக்கிறார்கள். இதுதான் முக்கியமான காட்சி. தளபதிகளாக மன்றத்தின் நிர்வாகக் குழுவினரையே போட்டார். மாக்கஸ் தலையாட்டச் சொன்னால் ஆட்டிப் பழகியவர்கள். முதல் தளபதி, லொறி ஓட்டும் பஸ்ரியன்.

"சேனை இனி உங்களுக்குப் பின்னால் வராது" என்ற வசனத்தை முதல் ஒத்திகையில் பஸ்ரியன் நிலத்தைப் பார்த்து முணுமுணுத்தார்.

"தலையை நிமித்தும் பஸ்ரியன். அவரின்ர கண்ணைப் பாத்துச் சொல்லும்."

"பாத்தா பயமாக் கிடக்கு அக்கா."

மாக்கஸ் சிரித்தார். "சொல்லு பஸ்ரியன்! நான் என்ன உன்னைத் தின்னவே போறன்? நீ உறைப்பாச் சொன்னாத்தானே எனக்கு நடிக்க வரும்."

சனிக்கிழமைதோறும் ஏஞ்சலா அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பச் செய்வித்தார். முதலில் குரல் வந்தது. பிறகு முதுகு நிமிர்ந்தது. மற்றத் தளபதிகளும் மெல்ல மெல்ல முன்னால் வந்து நின்றார்கள். ஒருநாள் பஸ்ரியன் சொல்லி முடித்தபோது மாக்கஸே ஓரடி பின்னால் வைத்தார். ஏஞ்சலா அதைக் கவனித்தார்.

நாடகத்தன்று மண்டபம் நிரம்பியிருந்தது. மாக்கஸ் முடியைத் தானே சூடியபோது கைதட்டல். ருஷ்யப் பனிக் காட்சியில் சபை அசையாமல் இருந்தது. நாடுகடத்தி வைத்த எல்பாத் தீவிலிருந்து தப்பி வந்து, தன்னைப் பிடிக்க வந்த படைவீரர்களுக்கு முன்னால் மேலங்கியைத் திறந்து "சுடுங்கள்" என்று நின்றபோது விசில் பறந்தது. வாட்டர்லூப் போரில் எல்லாம் முடிந்தது. கடைசியில் மறுபடி நாடுகடத்தப்பட்ட சென் ஹெலெனாத் தீவு. நோயாளியாக, கடலைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கும் பேரரசன். மாக்கஸ் அந்தக் காட்சியை அவ்வளவு உருக்கமாக நடித்தார். சபையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

மேடையோரத்தில் நின்று ஏஞ்சலா அதைப் பார்த்தார். சிரிக்கவேண்டிய இடத்தில் சனம் அழுகிறது. குசினிக் கதவடியில் இருந்த மனிதருக்காக இவர்களில் ஒருவர் அழவில்லை. ஏஞ்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வெற்றி மாக்கஸின் தலைக்கேறியது. அடுத்து வந்த பொதுக்கூட்டத்தில், தன்னை மன்றத்தின் ஆயுட்காலத் தலைவராக்க வேண்டுமென்று தானே முன்மொழிந்தார். "ஆரும் எதிர்க்கினமோ?" என்று சிரித்தபடி கேட்டார். வழமையாக அந்தக் கேள்விக்குப் பதில் வருவதில்லை.

பஸ்ரியன் எழும்பினார். தலை நிமிர்ந்திருந்தது.

"நான் எதிர்க்கிறன். மாக்கஸ் அண்ணை, நாங்கள் இனி உங்களுக்குப் பின்னால வரமாட்டம்."

"இருடா பஸ்ரியன். இது நாடகமில்லை."

"தெரியும். அதுதான் என்ர சொந்தப் பேச்சில சொல்லுறன்."

பக்கத்தில் இன்னொருவர் எழும்பினார். பிறகு மற்றொருவர். மாக்கஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அதே கூட்டத்தில் வாக்கெடுத்ததில் தலைவர் பதவியும் போயிற்று. ஏஞ்சலா பின்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஒத்திகையில் இவர்களை எதிர்த்துப் பேசப் பழக்கிவிட்டது தான்தான் என்று அப்போதுதான் அவருக்கே விளங்கியது. சந்தோசமாக இருந்தது.

மாக்கஸ் சும்மா இருக்கவில்லை. ரெக்ஸ்டேலில் ஒரு மண்டபம் எடுத்து, புதிய மன்றம் தொடங்குகிறேன் என்று பழைய நடிகர்களுக்கு வலை வீசினார். சிலர் போகவும் தொடங்கினார்கள். இந்தமுறை ஏஞ்சலா நாடகம் எழுதவில்லை. தொலைபேசியை எடுத்து, போனவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக அழைத்தார். மாக்கஸ் அவர்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் சொன்னவற்றையெல்லாம் சொன்னார். அத்தனையும் உண்மை; இட்டுக்கட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. ரெக்ஸ்டேல் மன்றம் ஒரு நாடகமும் போடாமலே கலைந்தது. மாக்கஸ் றிச்மண்ட் ஹில்லில் மகளோடு போய் இருக்கிறார் என்று ஏஞ்சலா கேள்விப்பட்டார்.

போன ஐப்பசியில், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையின் மீன் பகுதியில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். மாக்கஸ் மெலிந்திருந்தார்.

"ஏஞ்சலா அக்கா, ஒண்டு கேக்கட்டே? அந்த நாடகம் என்னை விழுத்தத்தான் எழுதினதோ?"

"ஓம். ஒவ்வொரு வரியும்."

மாக்கஸ் ஐஸில் கிடந்த மீனொன்றைப் புரட்டினார். "எண்டாலும் சனம் அழுததல்லோ. என்ர நடிப்புக்கு."

"என்ர எழுத்துக்கு" என்றார் ஏஞ்சலா.

"சூசைதாசன் அண்ணைக்கு நான் செய்தது பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அதைக் கேக்கவேண்டிய ஆள் இப்ப இல்லை. அவருக்குப் பதிலா நான் மன்னிக்கமாட்டன்."

மாக்கஸ் மீன் வாங்காமலே போனார். ஏஞ்சலா நல்ல பாரை மீனாகப் பார்த்து வெட்டுவித்தார். வீட்டுக்கு வந்து புளி கரைத்து, உறைப்பாகக் குழம்பு வைத்து, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.