ஆணியில் மாட்டிய தொப்பி

முதல் நாள்

“எதுவரைக்கும் படிச்சிருக்கேம்மா?” என்று மேனேஜர் கேட்டார்.

“அஞ்சாவது சார்” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அது போதும். நிறையப் படிச்ச பொண்ணுங்க வேலையை விட்டுட்டுக் கதை படிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுதுங்க.”

மேற்குத் தாம்பரத்தில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்த காமிக்ஸ் ஆபீசில் எனக்கு இப்படித்தான் வேலை கிடைத்தது. கல்யாணமாகிச் சிட்லபாக்கத்துக்கு வந்த புதிது. பிற்பாடு அங்கேயே படம் வரைகிறவளாகி, வயதாகும் வரைக்கும் வரைந்தேன். ஆனால் ஆரம்பம் பசை வேலைதான்.

வெளிநாட்டுப் படக்கதைப் பக்கங்கள் வரும். டிராயிங் சார் அதிலிருக்கும் பேச்சையெல்லாம் வெள்ளை பூசி அழித்துவிடுவார். பல்லாவரம் அச்சகத்திலிருந்து தமிழ் வசனம் ஒரே நீளத் தாளில் வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, எண் பார்த்து, ஆட்களின் தலைக்கு மேல் பேச்சுக்காகப் போட்டிருக்கும் வட்டமான பலூனுக்குள் ஒட்ட வேண்டும். நானும் கடப்பேரி ரெஜினாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டுவோம்.

படம் திங்கட்கிழமை வந்தால் வசனம் வர வியாழன் ஆகிவிடும். அந்த மூன்று நாளும் வாய் திறந்தபடி பேச்சில்லாமல் நிற்கிற ஆட்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். இவன் என்ன சொல்லியிருப்பான், அவள் ஏன் முறைக்கிறாள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொள்வேன். நான் காமிக்ஸ் படிக்கக் கற்றது அப்படித்தான். வசனம் வந்த பிறகு எழுத்துக்கூட்டிப் பார்த்தால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். சில இடத்தில் என் கதையே தேவலை என்று தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை. சாப்பாட்டு வேளையில், வெட்டி எறிந்த ஓரத்தாள்களில் மூக்கு, காது, செருப்பு என்று பார்த்து வரைவேன். அதையும் கசக்கி எறிந்துவிடுவேன்.

காணாமல் போன துண்டு

அந்த மாதக் கதை ஒரு மாலுமியைப் பற்றியது. வீட்டை விட்டுப் போனவன் ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். கடைசிக் கட்டத்தில் கதவைத் திறந்துகொண்டு அவன் நிற்க, மனைவி உள்ளேயிருந்து பார்க்கிறாள். அவள் தலைக்கு மேல் பெரிய பலூன். அதில் ஒட்ட வேண்டிய துண்டைக் காணோம்.

பன்னிரண்டு மணிக்குப் பக்கங்கள் அச்சுக்குப் படமெடுக்க கேமராவுக்குப் போக வேண்டும். மணி பதினொன்று. மேசைக்கு அடியில், ஃபேனுக்குக் கீழே, குப்பைக்கூடையில் எல்லாம் தேடிவிட்டேன்.

“இன்னாடி, மூஞ்சி வெளுத்துப் போய் கீது?” என்றாள் ரெஜினா. விஷயத்தைச் சொன்னேன்.

“போச்சு. மேனேஜர் பார்த்தாரு, பேஜார்தான். போன வருஷம் போலீஸ் வசனத்தைத் திருடன் வாய்ல ஒட்டினவளை அன்னிக்கே அனுப்பிச்சிட்டாரு, தெரியுமில்ல?”

தெரியும். அவள் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

அச்சகத்தில் கோர்த்த எழுத்தை அதற்குள் கலைத்திருப்பார்கள். வசனம் எழுதிய தாளும் அங்கேதான். மறுபடி அடித்து வாங்க மறுநாள் ஆகும். டிராயிங் சார் லீவு.

பலூனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வருஷம் கழித்து வந்தவனிடம் ஒருத்தி என்ன பேசுவாள்? நானாக இருந்தால் ஒன்றும் பேசமாட்டேன். அப்போது முதல் பக்கம் ஞாபகம் வந்தது. சண்டை போட்டுக் கிளம்பும் அவசரத்தில் அவன் தொப்பியை மறந்துவிட்டுப் போவான். அது சுவரில் ஆணியில் தொங்கும்.

டிராயிங் சார் மேசையிலிருந்து வெள்ளைப் பெயிண்டை எடுத்தேன். பலூனின் கோட்டை முழுவதும் அழித்தேன். காய்ந்ததும் இங்க்கைத் தொட்டு, அவள் தலைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி போட்டேன். ஆணியில் அந்தத் தொப்பி. விளிம்பு கொஞ்சம் கோணிவிட்டது. பழைய தொப்பிக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

“உனுக்கு இன்னா தைரியம்டி” என்று ரெஜினா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கு மேனேஜர் பக்கங்களைப் புரட்டினார். கடைசியில் நின்றார்.

“இங்க ஒரு வசனம் இருக்கணுமே?”

“தொலைச்சிட்டேன் சார்.”

“இந்தத் தொப்பி?”

“முதல் பக்கத்துல இருக்கு சார். அவன் மறந்துட்டுப் போறான்.”

முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முதல் பக்கம். முகத்தில் சிரிப்பே இல்லை.

“நாளையிலேர்ந்து நீ ஒட்டுற வேலைக்கு வர வேணாம்.”

அதற்கு மேல் நான் நிற்கவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பாதி மாடி இறங்கிவிட்டேன். ரெஜினா மேலிருந்து கத்தினாள்.

“எங்கடி ஓடிக்கினு கீற? அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள கிளம்பிட்டியே. டிராயிங் சார் பக்கத்துல உனுக்கு நாற்காலி போடச் சொல்றாரு. வா மேல.”

சாயந்தரம் வீட்டில் டிபன் பாக்ஸைக் கழுவத் திருப்பினேன். அடியில் அந்தத் துண்டு பசையோடு ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். “வாருங்கள்! இந்த ஏழு ஆண்டுகளில் ஒரு நாளும் உங்களை நான் மறக்கவில்லை!”

மறுநாள் காலை அதை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். படித்தார்.

“நல்லவேளை, தொலைஞ்சுது” என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

இன்றும் காமிக்ஸ் எடுத்தால் முதல் தடவை பலூன்களைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன். எங்கள் காலனி மாத இதழுக்கு நான் போடும் சிரிப்புப் படத்துக்கும் அதே கணக்குத்தான். வசனத்தை மூடிப் பார்ப்பேன். மூடியும் படம் புரிந்தால் வசனத்தை அடித்துவிடுவேன். மற்றவர்கள் அது கஷ்டம் என்கிறார்கள். பேசாமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும்.