பத்தொன்பது ஆண்டுகள் பிந்திய பத்தியம்

கடந்த தை மாதம், என் மகள் பிறந்த ஐந்தாம் நாள், வீட்டுக்கு வந்த மருத்துவத்தாதி அவளைத் தராசில் வைத்தார். அவர் முகம் மாறியது. பிள்ளையின் எடை குறைந்துகொண்டே போயிருந்தது. இரண்டு நாளில் ஏறாவிட்டால் மீண்டும் வைத்தியசாலைதான் என்றார். என்னிடம் போதிய பால் இல்லை. நான் அழுதேன்.

பாரிஸின் லா சப்பலில் எங்கள் சிறிய வீட்டில் எனக்கு உதவ இருவர் இருந்தார்கள். ஒருவர் என் கணவர் மிங்கின் தாயார். சீனாவிலிருந்து வந்து இங்கே குடியேறியவர். நான் அவரை மாமி என்றே அழைப்பேன். மற்றவர் இளவயதிலேயே அமெரிக்காவுக்குப் போய்விட்ட என் அக்கா.

மாமியின் வழக்கப்படி, பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வெளியே போகக் கூடாது, தலை முழுகக் கூடாது, குளிர்ந்த எதையும் தொடக் கூடாது. பன்றிக்கால் சூப் குடித்துப் படுத்திருக்க வேண்டும். அக்கா வந்ததும் யன்னலைத் திறந்தார்.

"எழும்பி நட, காத்துப் படட்டும். இதென்ன, மறியல்சாலையோ?"

மாமி யன்னலைச் சாத்தினார். பாலூட்டும்போதும் என் தலைக்கு மேல் ஆங்கிலமும் சீனமும் மோதின. பிள்ளை வெருண்டு பாலை விட்டுவிடும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அதற்கென்றே படித்தவள். என் வீட்டுக்குச் சொல்ல ஒரு சொல் இருக்கவில்லை. ஒருவர் பக்கம் நின்றால் மற்றவரை இழப்பேன். செபமாலையைப் பற்றிக்கொண்டு கேட்டேன்: "ஆண்டவரே, இரண்டு பேரில் ஒருவரை அனுப்பிவிடும்."

அன்று மத்தியானம் பிள்ளையின் குளியல் தொட்டியைத் தூக்கக் குனிந்த அக்கா, இடுப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மாமி மிங்கிடம் ஏதோ கேட்டார். உங்கள் மகன் பிறந்த பிறகு எத்தனை நாள் ஓய்வெடுத்தீர்கள் என்று மிங் அக்காவிடம் விசாரித்தார். அக்கா அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மூண்டு கிழமையிலை வேலைக்குப் போயிட்டன். அங்கை உப்பிடித்தான். ஆர் எனக்குச் சூப் வைச்சது?"

மிங் சொன்னதைக் கேட்டதும் மாமி அகப்பையைக் கீழே வைத்தார். மேசையிலிருந்த அக்காவின் ஐஸ் தண்ணீரை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஊற்றினார். கம்பளிக் காலுறை கொண்டுவந்து, அக்காவைக் கதிரையில் இருத்தி, நிலத்தில் குந்தித் தன் கையாலேயே போட்டுவிட்டார். பிறகு ஒரு கோப்பை சூப் நீட்டினார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை பெத்தது நீ, பத்தியம் எனக்கோ? என்ரை மகனுக்குப் பத்தொன்பது வயசெண்டு இவவுக்குச் சொல்லு."

நான் பிரெஞ்சில் மிங்கிடம் சொன்னேன். அவர் சீனத்தில் தாயாரிடம் சொன்னார். பதில் அதே வழியில் திரும்பி வந்தது.

"பிந்தினாலும் பிழையில்லையாம் அக்கா. விட்ட பத்தியத்தைப் பிறகும் இருக்கலாமாம்."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கோப்பையை மிச்சமில்லாமல் குடித்து முடித்தார். வீடு அமைதியாயிற்று. அன்றுதான் என் மகள் முதன்முறையாக வயிறாரக் குடித்து உறங்கினாள்.

அதன்பின் சூப் இருவருக்கு வந்தது. தாதி சொன்ன அளவில் அக்கா புட்டிப்பாலும் கொடுத்தார், மாமி தடுக்கவில்லை. பக்கத்து அறை யன்னல் சற்று நேரம் திறந்திருந்தது. ஏழாம் நாள் தாதி தராசைப் பார்த்து, "செ பியாங்", நல்லது என்று சிரித்தார். எடை ஏறியிருந்தது.

சூப்பா, புட்டியா, ஓய்வா என்று என்னால் நிறுவ இயலாது. ஒருவர் போயிருந்தால் இவற்றில் ஒன்று குறைந்திருக்கும் என்பதை மட்டும் அறிவேன். நான் கேட்டதைத் தராமல், எனக்குத் தேவையானதைத் தந்தவருக்கு நன்றி. இப்போது என்னிடம் வரும் குடும்பங்களில் யார் சரி என்று நான் முதலில் தேடுவதில்லை. யாரை ஒருவரும் கவனிக்காமல் விட்டார்கள் என்றே கேட்கிறேன்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒருவர் போனால் போதும் என்று தோன்றினால், அதையும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு அவர் செய்வதற்கு இடம் விடுங்கள்.

அக்கா மாதம் முழுவதும் இருந்தார். புறப்படுமுன் ஞானத்தாயாகப் பிள்ளையை ஏந்தித் திருமுழுக்குத் தொட்டியருகே நின்றார். தண்ணீர் ஊற்றும் வேளையில் மாமி மெல்லக் குனிந்து, அக்கா காலுறை போட்டிருக்கிறாரா என்று பார்த்தார்.

போட்டிருந்தார்.