அவரை எழுப்ப வேண்டாம் என்றேன்

குறட்டை நின்றதும் வார்டில் எல்லோருக்கும் நிம்மதி. பக்கத்துக் கட்டில்காரர், "அப்பாடி, இனிமேதேன் நம்ம கண்ண மூடலாம்" என்றாராம். அந்த மதியம் நான் கீழே கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டராக இருந்தேன். இத்தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முந்தின நாள்

சமயநல்லூர்ப் பக்கம் அரிசி மில் வைத்திருந்தவர் சுந்தரபாண்டி. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார். கனத்த உடம்பு, குட்டையான தடித்த கழுத்து. என் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். பகலில் இப்படித் தூங்குகிறவரை ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஸ்பைனல் போதும், இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துவிடும் என்றேன். "முதுகுல ஊசி மட்டும் வேணாம் சார். எங்க மச்சானுக்குப் போட்டு இன்னமும் வலிக்குதுங்கிறாரு. மயங்கப் போட்டுருங்க" என்றார். விளக்கிச் சொல்ல நேரமில்லை. சரி என்றுவிட்டேன்.

அவர் மனைவி பஞ்சவர்ணம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அய்யா, இவுக குறட்டை தெரு முக்கு வரைக்கும் கேக்கும். நடுவுல பொசுக்குன்னு நின்னுரும். நெஞ்சு ஏறி எறங்கும், மூச்சு மட்டும் வராது. நான் விலாவுல ஒரு குத்து குத்தி ஒருக்களிச்சுப் போடுவேன். அப்புறந்தேன் வரும்."

"பாத்தீகளா சார், தூக்கத்துலயும் அடி வாங்குற ஒரே ஆளு நாந்தேன்" என்றார் அவர்.

நானும் சிரித்தேன். "நாளைக்கு ஒருநாள் அவரை விட்டுருங்கம்மா" என்றேன்.

2. ஆபரேஷன் அன்று

மூச்சுக்கான குழாயைத் தொண்டைக்குள் இறக்கச் சிரமப்பட்டேன். முதல் முயற்சி தவறி, இரண்டாவதில்தான் போனது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கண் விழித்தார், குழாயை எடுத்தேன், பெயர் சொன்னார். வலி என்று முனகினார். வழக்கம்போல் வலிக்குப் பெத்திடினும், தூக்கம் தரும் பெனர்கனும் ஊசியாகப் போடச் சொன்னேன். மல்லாக்கப் படுக்கவைத்து வார்டுக்கு அனுப்பினோம். தனி ரெக்கவரி ரூம் எங்களிடம் கிடையாது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் அப்போது இல்லை.

வார்டில் குறட்டை கேட்டது. நர்ஸ், "நல்லாத் தூங்குறாரு டாக்டர்" என்றார். அன்று எங்கள் எல்லோருக்கும் குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம். பஞ்சவர்ணம் அவர் தோளில் கை வைத்துப் புரட்டப் போனார். நான் தடுத்தேன்.

"தையல் பிரிஞ்சிரும். தொடாதீங்க, எழுப்பவும் வேண்டாம்."

கையை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் சாப்பிடப் போனேன்.

ஆள் வந்து கூப்பிட்டதும் ஓடினேன். உதடும் நகமும் நீலம். குழாய் போட்டோம், நெஞ்சை அழுத்தினோம். உயிர் திரும்பவில்லை.

3. தெரிந்துகொண்டது

தூக்கத்தில் மூச்சடைக்கும் இந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர் இருப்பதைப் பின்னால் ஒரு ஜர்னலில் படித்தேன். பெயர் தெரியாததால் அவர் சாகவில்லை. நோயை முழுதாக விவரித்துச் சொன்ன ஒருத்தியின் கையை நான் தட்டிவிட்டதால் செத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நோயாளியிடமும் பக்கத்தில் படுப்பவர் யார் என்று கேட்டு, அவரிடம் பேசினேன். மூச்சு நிற்பதாகச் சொன்னால், முடிந்தவரை ஸ்பைனல். மயக்கம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முழுதாக விழித்த பிறகே குழாயை எடுப்பேன். மூச்சை மந்தமாக்கும் பெத்திடின் போன்றவற்றைக் கூடியமட்டும் தவிர்ப்பேன். தலைமாட்டை உயர்த்தி, தையல் இடம் கொடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளை உட்காரவைப்பேன். இன்று, தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் காற்றை அழுத்திச் செலுத்தும் மாஸ்க் மெஷின் இருக்கிறது. வீட்டில் அதை வைத்திருப்பவர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவரட்டும். மயக்கம் தெளிந்ததும் மாட்டிவிடுங்கள்.

இவற்றை வகுப்புகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு.

உறவினர்களிடம் ஹார்ட் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன். உடலை வேனில் ஏற்றும்போது பஞ்சவர்ணம் என்னிடம் வந்தார்.

"அய்யா, நான் புரட்டியிருந்தா அந்த அதிர்ச்சியில இன்னும் வெரசாப் போயிருப்பாக, இல்லையா? நீங்க சொன்னதுனாலதேன் தொடாம இருந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன்.