அல்ஹம்ப்ரா வாசலில் கசில்தா

மார்த்தோஸ் ஊரில் கசில்தாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆலிவ் எண்ணெய் ஆலையில் வெகுகாலமாகப் புட்டிகளுக்கு மூடி திருகுகிறவள். மனசு தங்கம், பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றால் இவள் அடுப்பில்தான் சூப் கொதிக்கும். ஆனால் பொறாமை மட்டும் அவளுக்குப் பசி மாதிரி. மூன்று வேளையும் வரும். அதில் பெரும்பங்கு பக்கத்து நகரமான கிரனாதாவில் இருக்கும் நாத்தனார் அசுனுக்குப் போய்ச் சேரும்.

காரணம் மகன் ரமிரோ. ஒரே பிள்ளை. கிரனாதாவுக்குப் படிக்கப் போனவன் அத்தை வீட்டில் தங்கினான். படிப்பு முடிந்து வேலையும் அங்கேயே, பெண்ணும் அங்கேயே. பிள்ளையில்லாத அசுன் அவனைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். "பெத்தது நானு, கொஞ்சுறது அவளா?" என்று கசில்தா ஆலையில் புலம்பாத நாளில்லை.

செப்டம்பரில் கல்யாணம். மாப்பிள்ளையைக் கைபிடித்துக் கோயில் பீடம் வரை அழைத்துப் போகும் பெண்ணை அங்கே மத்ரினா என்பார்கள். வழக்கமாக அம்மாதான். ஆனாலும் பிள்ளை வாய் திறந்து கேட்க வேண்டும். தானாகப் போய் நின்றால் மரியாதை இல்லை. ரமிரோ இன்னும் கேட்கவில்லை. கசில்தாவோ கொண்டையில் செருகும் உயரமான சீப்பு, அதன்மேல் போடும் கறுப்பு லேஸ் முக்காடு, பட்டுக் கைப்பை எல்லாவற்றையும் வாங்கித் தெரு முழுக்கக் காட்டியும் விட்டாள். அவன் அத்தையைக் கேட்டுவிட்டால் எந்த முகத்தோடு ஆலைக்குப் போவது?

இந்த நிலையில்தான் ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு கிரனாதா மலைமேல் இருக்கும் அல்ஹம்ப்ரா பார்க்கலாம் என்று ரமிரோ கூப்பிட்டான். இத்தனை பக்கத்தில் இருந்தும் கசில்தா அந்த அரண்மனையை நாட்காட்டியில்தான் பார்த்திருக்கிறாள். "அது எங்க ஓடிப்போகப் போகுது?" என்பாள்.

அசுன் வீட்டில் இறங்கியதுமே வயிறு எரிந்தது. அசுனின் தோளில் புத்தம்புது சிவப்புத் தோல் பை.

"ரமிரோ முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தான்" என்றாள் அசுன், வெகுளியாக.

அதே முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வந்தது பிரஷர் குக்கர். கசில்தா விறுவிறுவென்று காருக்குப் போனாள். கல்யாணச் செருப்புக்கு நிறப் பொருத்தம் பார்க்கக் கொண்டுவந்திருந்த பட்டுக் கைப்பையை எடுத்தாள். ஒரு விசிறியும் கைக்குட்டையும் உதட்டுச் சாயமும்தான் அதற்குள் அடங்கின. பழைய பையை அசுன் வீட்டு நாற்காலியில் வீசிவிட்டு ராணி மாதிரி கிளம்பினாள்.

அல்ஹம்ப்ராவில், சுல்தான்களின் மாளிகை வாசலில், சீட்டோடு அடையாள அட்டையும் கேட்டார்கள். அட்டை பழைய பையில் இருந்தது.

"அட்டை இல்லாம உள்ள விட முடியாதும்மா" என்றார் வாசல்காரர். "திரும்பிப் போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள சீட்டுல போட்டிருக்கற நேரம் முடிஞ்சிரும்."

"வேண்டாததெல்லாம் சுமந்துட்டு வருவா. வேண்டியத மட்டும் விட்டுருவா" என்றார் கணவர் எலாடியோ.

ரமிரோவின் முகம் சுண்டிப்போயிற்று. "நீ இல்லாம எப்படிம்மா? இன்னிக்கு நீதான..." என்று இழுத்தான்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கடா. நான் எத்தனையோ தடவ பாத்தாச்சு. இவகூட இருக்கேன்" என்றாள் அசுன்.

தியாகத்திலும் அவளே முந்திக்கொண்டாள். கசில்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

இருவரும் வெளியே கல் இருக்கையில் உட்கார்ந்தார்கள். அசுன் சிவப்புப் பையைத் திறந்து, முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட அடையை எடுத்து நீட்டினாள்.

"வெங்காயம் போடல. ரமிரோவுக்குப் பிடிக்காதுல்ல."

"யாரு சொன்னா? பதினெட்டு வயசு வரைக்கும் என் கையால வெங்காயம் போட்டுத்தான் தின்னான்!"

"உன் மனசு நோகக் கூடாதுன்னு தின்னிருப்பான்டி."

கசில்தாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் அண்ணி. கல்யாணத்தன்னிக்கும் நீங்களே அவன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருங்க!"

அசுன் திகைத்துப் போனாள். "அட, அதான் முடியாதுன்னு ஈஸ்டர் அன்னிக்கே சொல்லிட்டேனே. அவன் கேட்டான். பெத்தவ இருக்கறப்போ நான் எப்படிடா வருவேன்னு சத்தம் போட்டேன். உன்கிட்ட இன்னும் கேக்கலையா?"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அசுனுக்கு உறைத்தது. கசில்தாவின் விசிறியை வாங்கித் தானே விசிறிக்கொள்ளத் தொடங்கினாள். கசில்தா கையிலிருந்த அடையை முழுவதும் தின்று முடித்தாள். வெங்காயம் இல்லாமலும் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

தகப்பனும் மகனும் வெளியே வந்தார்கள். "உள்ள குளத்துக்கிட்ட நிக்கவச்சுக் கேக்கணும்னு திட்டம் போட்டிருந்தான்டி. நீதான் கெடுத்துட்ட" என்று எலாடியோ ரகசியத்தை உடைத்தார். ரமிரோ வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அம்மாவின் கையைப் பிடித்தான்.

"அம்மா, நீதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும். வேற யாரையும் என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல."

அசுன் அப்போதுதான் முதல்முறை கேட்கிறவள் போலக் கைதட்டினாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கசில்தா வாலையும் தூக்கிப் பார்க்கிற ஆள். இவ்வளவு நாள் அவள் ஏங்கியது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். வந்துவிட்டது. அசுன் வேண்டாமென்று ஒதுக்கியதால் வந்தது. தட்டிப் பறித்திருந்தால்கூட ஒருநாள் மன்னித்திருப்பாள். இதை மன்னிக்க வழியே இல்லை.

"வர்றேன்டா, நான் வராம வேற யாரு வருவா?" என்றாள் உரக்க, வரிசைக்கே கேட்கும்படி.

பிறகு மகனின் வலக்கையை இறுகக் கோத்துக்கொண்டு, "இப்பவே நடந்து பழகிக்குவோம்" என்று மலைப்பாதையில் இறங்கினாள். அசுனும் எலாடியோவும் பின்னால் வந்தார்கள். ரமிரோ வீசி வீசி நடந்த இடக்கை காலியாக இருந்தது. அதை அசுன் வந்து பிடித்துக்கொள்வாளோ என்று அடிவாரம் வரை கசில்தாவின் கண் அதன்மேலேயே இருந்தது.