நூலால் வெட்டிய முட்டை

அரிசி வாளியின் அடியில் ‘சுண்டு’ உரசும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஆங்கில இலக்கணம்தான் நினைவுக்கு வரும். அரிசியை அளந்து உலையில் போடும் அந்தச் சின்னத் தகரப் பேணியைக் கிளிநொச்சி வீட்டுக் குசினியில் அரிசியோடு என் முன்னால் கவிழ்த்து, “எங்க, எண்ணு பாப்பம்” என்று அண்ணா சொன்ன மாலையில் அந்தப் பாடம் தொடங்கியது. நான் விட்டுக்கொடுக்காமல் எண்ணிக்கொண்டே போக, “நீ எண்ணடி, நான் ஒரு நித்திரை கொண்டிட்டு வாறன்” என்றான். அரிசி, சீனி, மா, பருப்பு எல்லாம் ‘ஹவ் மச்’. முட்டை, வாழைப்பழம், தேங்காய் ‘ஹவ் மெனி’. தேங்காயைத் திருவினால்? அது ‘ஹவ் மச்’ பக்கம் போய்விடுமாம். பேக்கரியில் வாங்கும் பாண் ரொட்டி?

“அது கொஞ்சம் கரைச்சல். நாளைக்குச் சொல்லித்தாறன்.”

அந்த நாளை வரவில்லை. ஷெல் விழத் தொடங்கி, ஊரோடு ஊராய் நாங்களும் மல்லாவிப் பக்கம் நடந்தபோது, சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி முன்னால் போன அண்ணா சனத்துக்குள் தொலைந்துபோனான். அப்பா பள்ளிக்கூடம், கோயில், மரநிழல் என்று தேடித்திரிந்து, வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார்.

கிடுகுக் கொட்டிலில் நாங்கள் மூன்று பேர். எப்போதாவது ஒரு முட்டை கிடைத்தால் அம்மா அதை அவித்து, தையல் நூலால் நாலாய் வெட்டுவா. நாலாவது துண்டைப் பீங்கானில் வைத்து மூடி, “அவன் பசியோட வருவான்” என்பா. விடிய அதை நான் தின்னவேண்டும். எனக்கு முட்டை வெறுத்துப்போனது அப்போதுதான். எண்ணக்கூடிய சாப்பாடுகள் இரக்கமில்லாதவை, வீட்டில் ஓராள் இல்லாவிட்டால் உடனே சொல்லிவிடும். கஞ்சி அப்படியில்லை, அது யாரையும் காட்டிக்கொடுக்காது.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு மத்தியானம் படலையில் சைக்கிள் மணி கேட்டது. அண்ணா. கரியரில் கைக்குழந்தையோடு ஒரு பெண், பக்கத்தில் அவளுடைய புருஷன், பின்னால் இரண்டு பொடியள். நடக்கமுடியாமல் வழியில் இருந்துவிட்ட நிறைமாதக்காரியைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரி தேடிப் போனவன், பிள்ளை பிறந்து அவர்கள் நடக்கத் தேறிய பிறகுதான் எங்களைத் தேடி வந்திருந்தான். அப்பா சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அம்மா அழவில்லை, ஏசவில்லை. வந்த தலைகளை ஒருதரம் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கஞ்சிக்குள் தண்ணீர் விட்டா, உப்புப் போட்டா, எல்லாருக்கும் வார்த்தா. போதாமல் போகவில்லை.

அன்றைக்கு அவித்து மூடிவைத்திருந்த முட்டைத் துண்டை அண்ணாவிடம் நீட்டினேன். “பிள்ளை பெத்தவ, அவவுக்குக் குடு” என்றான். பிறகு என்னைப் பார்த்து, “பாண் விசயம் சொல்லுறன், முதல்ல இன்னும் கொஞ்சம் கஞ்சி வாரு.”

இன்றைக்கு அந்தக் கொட்டில் நின்ற இடம் எனக்கே தெரியாது. அம்மா கிளிநொச்சியில் காஸ் அடுப்பில் சமைக்கிறா. சுண்டு இருக்கிறது, நூலால் முட்டை வெட்டுவது இல்லை, ஆளுக்கொன்று. அந்த மூடிவைத்த பீங்கானும் இல்லை. தொலைந்ததே என்று நான் நிம்மதிப்படுகிற ஒரே பொருள் அதுதான்.

கனடாவிலிருந்து வந்துபோகிற அண்ணா போனமுறை திரும்பிப் போக வான் வண்டியில் ஏறும்போது அம்மா படலை வரை போனா.

“அடுத்தமுறை எத்தினை பேர் வாறியள் எண்டு முதலே சொல்லு. முட்டை வாங்கி வைக்கவேணும்.”

அண்ணா யன்னலால் தலையை நீட்டினான்.

“ஆக்களை எண்ணாதேங்கோ அம்மா. கஞ்சி வையுங்கோ.”