இடுப்பளவு தண்ணீரில் முன்னால் போனவர்

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள். பேய், ஆவி என்று பிள்ளைகள் யாராவது வாயைத் திறந்தால் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதெல்லாம் ஏன் பொய் என்று விளக்கம் சொல்லி வாயை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரே இன்றுவரை முழுசாக நம்பவில்லை. கூட்டாமல் குறைக்காமல் நடந்தபடியே சொல்கிறேன், அவ்வளவுதான் என்னால் முடியும்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதில் ஒன்றும் விளங்காது.

அப்பா தூத்துக்குடியில் பிளம்பர். பெயர் பொன்னையா. ஆனால் எங்கள் பக்கம் ‘பைப்பு அண்ணாச்சி’ என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். குழாய் பதிக்கக் குழி வெட்டும் கூலியாளாகப் போனவர், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். இருபதடி இரும்புக் குழாய்களை இடது தோளிலேயே சுமந்து சுமந்து அந்தத் தோள் ஒரு பக்கமாக இறங்கிப் போயிருந்தது. சட்டை போட்டால் ஒரு கை மட்டும் நீளமாகத் தொங்கும், அம்மா அந்தக் கையை மட்டும் உள்ளே மடித்துத் தைத்துக் கொடுப்பாள்.

எங்கள் ஊரில் தண்ணீர் என்றாலே பெரும்பாடுதான். கடல் பக்கத்தில் கிடக்கிறது, குடிக்கிறதற்குக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்த வீட்டில் குழாய் வறண்டாலும் அப்பாவைத் தேடி ஆள் வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் முனையைக் குழாய் மேல் வைத்து அதன் பிடியில் காதை ஒட்டிவைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அப்புறம் எழுந்து நாலு எட்டு நடந்து, “இங்கன வெட்டு” என்பார். வெட்டினால் உடைப்பு அங்கேதான் இருக்கும். நாள் முழுக்க ஈரத்தில் நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். சாயங்காலமானால் அம்மா அவர் காலைத் தன் மடியில் தூக்கிவைத்து எண்ணெய் போட்டபடி திட்டிக்கொண்டே இருப்பாள், அப்பா திட்டு வாங்கியபடியே தூங்கிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் தங்கச்சியையும் சைக்கிளில் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். மற்ற பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பாக்கள் கப்பலைக் காட்டுவார்கள், எங்கள் அப்பா ரோட்டைக் காட்டுவார். “ஏளா, அந்தா கெடக்கு பாரு மூடி, அதுக்குக் கீழ நாலடியில ஒரு வால்வு இருக்கு, அப்பா போட்டது.” எந்தத் தெருவில் எந்தக் குழி, எந்தச் சாக்கடைக்கு எங்கே பாலம், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தத் தோளை வைத்துத்தான் என்னை டீச்சராக்கினார், தங்கச்சியை நர்ஸாக்கி மஸ்கட்டுக்கு அனுப்பினார். ஒரு மத்தியானம் வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டு, “அலுப்பா இருக்கு” என்று பாயில் படுத்தவர் காப்பிக்கு எழுந்திருக்கவில்லை. துட்டி வீட்டில் துக்கம் கேட்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் சொன்னது ஒரே சொல்தான், “எங்க அடுப்படிக்குத் தண்ணி கொண்டாந்தது அண்ணாச்சிதான்.”

அது நடந்து எட்டு வருஷம் கழித்துத்தான் அந்த மழை வந்தது.

நாலு நாள் நிற்காமல் பெய்து ஐந்தாம் நாள் விடியும்போது விட்டுவிட்டது. அப்பாடா என்று கதவைத் திறந்தால், மழை விட்ட பிறகுதான் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. மேற்கே குளம் உடைந்துவிட்டது என்றார்கள். கரண்டு இல்லை, போன் இல்லை, என் வீட்டுக்காரர் வேலையாகக் கோயம்புத்தூர் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த சமயம். இரண்டு தடவை தவறிவிட்டது. முகம் ஊதி, மூச்சு மேல்மூச்சாக வாங்கி, பேசினால் பாதிச் சொல்லில் கண் சொருகியது. இன்னும் ஒரு நாள் தாங்காது என்று எனக்கே தெரிந்தது.

எதிர்வீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடிவந்த சேவியர் அண்ணன் மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். அவர்தான் ஐஸ் போட்டு மீன் வைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை எங்கிருந்தோ மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு வந்தார். அடியில் தலையணையைப் போட்டு, அம்மாவை அதற்குள் உட்கார வைத்து, மேலே போர்வையைச் சுற்றினோம். முன்னால் கயிற்றைப் பிடித்து அவர் இழுக்க, பின்னால் நான் தள்ள, மெயின் ரோட்டுக்குப் போய்விட்டால் ஏதாவது வண்டி கிடைக்கும் என்று கிளம்பினோம்.

அந்தக் காலை நேரத்தை எப்படிச் சொல்லுவதென்று தெரியவில்லை. வெயிலும் இல்லை இருட்டும் இல்லை, வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். ஒரு ஹாரன் இல்லை, ஒரு நாய் குரைக்கவில்லை. வீடுகள் எல்லாம் ஜன்னல் மட்டத்துக்கு மூழ்கி, யாரோ வரைந்து வைத்த மாதிரி அசையாமல் நின்றன. ஒரு செருப்பு, ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு கோலப்பொடி டப்பா எங்கள் கூடவே மெதுவாக மிதந்து வந்தன. அம்மா தொட்டிக்குள் இருந்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது திருப்பத்தில் சேவியர் அண்ணன் நின்றுவிட்டார்.

“டீச்சர், கடல்ல எறங்கச் சொல்லுங்க, கண்ண மூடிக்கிட்டு எறங்குதேன். இந்தத் தெருவுல எங்கன குழி கெடக்குன்னு எவனுக்குத் தெரியும்? நேத்து ஒருத்தன் பாலம்னு நெனச்சு காலை வச்சு அப்படியே உள்ள போயிட்டான், ஆளு கெடைக்கல.”

எனக்கும் தெரியவில்லை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட பள்ளங்கள் வேறு அங்கங்கே கிடந்தன. திரும்பிப் போகவும் முடியாது. நான் தொட்டியைப் பிடித்தபடி நிற்கிறேன், அப்போது அவர்தான் சொன்னார்.

“அந்தா ஒரு அண்ணாச்சி போறாரு. ஊர்க்காரரு மாதிரி தெரியுது. அவரு பின்னாலயே போயிருவோம்.”

முப்பதடி முன்னால் ஒரு ஆள். தலையில் துண்டு, கையில் ஆள் உயரத்துக்கு ஒரு குழாய். அதைத் தண்ணீருக்குள் விட்டு இரண்டு தட்டுத் தட்டுவார், ஒரு எட்டு வைப்பார், மறுபடி இரண்டு தட்டு. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் ஒன்றும் வரவில்லை. ‘யாரோ பிளம்பர் போல’ என்றுதான் முதலில் நினைத்தேன். இடது தோள் இறங்கியிருந்ததைப் பார்த்த பிறகும், குழாய் சுமக்கிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேவியர் அண்ணன், “அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க” என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. ஆனால் எங்கள் வேகத்துக்குத்தான் நடந்தார். ஓரிடத்தில் நின்று தண்ணீரின் மேல் குழாயால் மூன்று அடி அடித்துவிட்டு, வலதுபக்கம் ஒதுங்கிச் சுற்றிப் போனார். நாங்களும் சுற்றினோம். தாண்டும்போது என் கால் அந்தப் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டது. அதற்கு அந்தப் பக்கம் தரையே இல்லை.

அப்புறம் அவர் இடதுபக்கச் சந்துக்குள் திரும்பினார். குறுகலான சந்து, இரண்டு பக்கமும் வீடுகள், தூரத்து முனையில் மெயின் ரோட்டு வெளிச்சம். பாதிச் சந்து போயிருப்போம், அதுவரை ஒரு வார்த்தை பேசாத அம்மா, தெளிவான குரலில், வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னாள்.

“எவ்வளவு நேரந்தான் ஈரத்துலயே நிப்பிய. கரை ஏறுங்க.”

கழிவு இரத்தத்தில் ஏறினால் நோயாளிகள் இப்படி உளறுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதையே மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு தொட்டியைத் தள்ளினேன். முன்னால் போனவரின் நடை அந்த ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் மறுபடி நடந்தார்.

சந்து முனையில் தரை மேடாகி, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. உதவிக்கு வந்த பையன்கள் ஒரு டிராக்டரோடு அங்கே நின்றார்கள். அம்மாவைத் தூக்கி ஏற்றும் அவசரத்தில் நான் அந்த ஆளைப் பார்க்கவில்லை. ஏற்றிவிட்டுத் திரும்பினால் இல்லை. பையன்களிடம் கேட்டேன், “முன்னால ஒரு பெரியவரு வந்தாரே, எங்க?” என்று. “நீங்க மூணு பேருதானக்கா வந்திய” என்றார்கள்.

மத்தியானத்துக்குள் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா பிழைத்துக்கொண்டாள், இன்றும் இருக்கிறாள். உடம்பு தேறிய பிறகு மெதுவாகக் கேட்டேன்.

“தண்ணிக்குள்ள வரும்போது யார்ட்டம்மா பேசுன?”

“ஒங்கப்பாட்டதான். வேற யார்ட்ட அப்படிப் பேசுவேன்” என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க விட்டதில்லை.

இதுவரைக்கும் நடந்ததற்கெல்லாம் என்னிடம் விளக்கம் இருக்கிறது. ஊரில் பிளம்பர்கள் நிறையப் பேர், அம்மாவுக்கு மயக்கம், அந்த ஆள் வேறு பக்கம் போயிருப்பார், பையன்கள் கவனித்திருக்க மாட்டார்கள். முடியாதது என்று சொல்ல எதுவுமில்லை.

ஆனால் தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்து நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். ஸ்கூட்டி அந்தச் சந்தின் முகப்புக்கு வந்தபோது கை தானாக பிரேக்கைப் பிடித்தது. சந்துக்கு நடுவில் சுவர் நின்றது. நாலு வருஷத்துக்கு முன்னால் பின்பக்க மனையை வாங்கியவர் கிடங்கு கட்டும்போது சந்தை மறித்து எழுப்பிய சுவர், பத்தடிக்குக் குறையாது. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கல் பெயரவில்லை. வெள்ளம் நின்ற கறை இடுப்பளவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே நேர்கோடாக இருந்தது. அந்தப் பக்கம் சுற்றிப்போய்க் கிடங்குக்காரரிடம் கேட்டேன், மழையில் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.

சேவியர் அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“நாம வந்தது வேற சந்தா இருக்கும், டீச்சர்.”

“நம்ம தெருவுல இருந்து அங்கன போறதுக்கு வேற சந்து எங்கண்ணே இருக்கு?”

அவர் தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அந்த வருஷமே வேறு பகுதிக்கு வீடு மாறிப் போய்விட்டார்.

அந்தச் சுவரை எப்படித் தாண்டினோம் என்பதைக்கூட நான் விட்டுவிடுவேன். என்னைத் தூங்கவிடாதது வேறு ஒன்று. நாலு வருஷமாகத் தினமும் அந்தச் சந்து முகப்பைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன், சந்து அடைபட்டது எனக்கு என் வீட்டு வாசல் மாதிரி தெரியும். அன்றைக்கு அவர் பின்னால் அதற்குள் திரும்பினபோது, இந்தப் பக்கம் வழி இல்லையே என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?