கழுவிய உப்பு

எங்கள் குடியிருப்பில் அவளுக்கு வெள்ளாவி என்று பெயர். மருத்துவமனையின் சலவை அறையில் வேலை. ரத்தமும் சீழும் பட்ட துணிகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவளுக்கு, வீட்டிலும் எதைப் பார்த்தாலும் அழுக்காகவே தெரிந்தது. குழாய், கதவுப் பிடி, புதிதாக வாங்கிய வாளி, எதுவும் தப்பாது. "விட்டா என்னையும் புழிஞ்சு கொடியில போட்டுருவா" என்பார், பேருந்து ஓட்டுகிற அவள் கணவர். மாடிப்படியில் யாராவது துப்பினால் அவர்களையும் கழுவிக் கழுவி ஊற்றுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும், கொஞ்சம் பயமும் உண்டு.

இரண்டு முறை கலைந்த பிறகு அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. கால் தரையில் பாவவில்லை அவளுக்கு. வீடு வீடாக வருகிற நர்ஸ், அவள் கழுத்தின் முன்பக்கம் லேசாகப் புடைத்திருப்பதைத் தடவிப் பார்த்தாள். "அயோடின் போட்ட உப்புதான் வாங்கணும். குழந்தையோட மூளை வளர அது வேணும்" என்றாள். அன்றைக்கே அயோடின் கலந்த கல்லுப்பு வந்துவிட்டது. அடுத்த தடவை நர்ஸ் கேட்டதும் உறையையே எடுத்துக் காட்டினாள். நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். புடைப்பு மட்டும் இறங்கவில்லை. மாசமாக இருந்தால் கழுத்து அப்படித்தான் பூசினாற்போல இருக்கும் என்று குடியிருப்பே சொன்னது. ஊர் வாய்க்கு என்ன, அது பாட்டுக்குச் சொல்லும்.

பெண் குழந்தை பிறந்தது. அழவே அழாது. பால் குடிக்கும்போதே தூங்கிவிடும். "பொறந்தா இப்படிப் பொறக்கணும், அம்மாவுக்குத் தொந்தரவே இல்ல" என்று வந்தவர்களெல்லாம் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார்கள். எனக்கு அந்த வீட்டின் அமைதி பிடிக்கவில்லை. பச்சைக்குழந்தை இருக்கிற வீடு அப்படி இருக்கக் கூடாது.

தடுப்பூசி போட வந்த நர்ஸுக்கும் பிடிக்கவில்லை. ஊசி இறங்கியபோது குழந்தை தொண்டை கட்டினாற்போல ஒரு முனகல் முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நர்ஸ் அதன் நாக்கைப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள். பிறகு தாயின் கழுத்தைப் பார்த்தாள்.

"என்ன உப்பு போடுறீங்க?"

"நீங்க சொன்னதுதான். வாங்க, காட்டுறேன்."

நானும் கூடவே போனேன். மொட்டைமாடியில் வெள்ளைத் துணியில் கல்லுப்பு காய்ந்துகொண்டிருந்தது.

"இது ஏன் காயுது?"

"கழுவித்தான் சமையலுக்கு எடுப்பேன். யார் யார் கை பட்டதோ. ரெண்டு தண்ணியில அலசுனா பளிச்சுனு ஆயிடும்."

"அலசுன தண்ணி?"

"கீழ ஊத்திருவேன்."

நர்ஸ் குனிந்து ஒரு உப்புக்கல்லை எடுத்துப் பார்த்தாள். "அயோடின் அந்தத் தண்ணியோட போயிருக்கும்மா. இப்பவே குழந்தைய எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க, ரத்தம் பாக்கணும்."

"மருந்து குடுத்தா சரியாயிடும்ல?"

"மருந்து குடுப்பாங்க" என்றாள் நர்ஸ். கையிலிருந்த கல்லைத் துணியிலேயே போட்டாள்.

வெள்ளாவி கீழே ஓடினாள். குழந்தையைத் தூக்கி மடியில் போட்டு, அதன் உள்ளங்காலில் சுண்டினாள்.

"அழுடி தங்கம். ஒரே ஒரு தடவ அழு."

குழந்தை கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்தது. பிறகு மறுபடியும் தூங்கிவிட்டது.